காசிநாதன் கப்பலுக்குப் பாய் கட்டியது

ஆம்பூரில் அந்தக் காலத்தில் கடலைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கப்பல் செய்தவன் காசிநாதன் ஒருவன்தான். அவனும் கடலைப் பார்த்தவனில்லை. பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் கரையில் நின்று, இதற்கு மேலும் உலகத்தில் தண்ணீர் இருக்குமா என்று வாயைப் பிளந்தவன். மற்ற வருஷங்களில் பாலாறு வெறும் மணல். அதில் மாட்டு வண்டிதான் போகும்.

தோல் பதனிடும் டேனரியில் அவனுக்குச் சதை சீவுகிற வேலை. சரிந்த கட்டையின்மேல் ஈரத்தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுக்க வேண்டும். அழுத்தினால் தோல் கிழியும், அழுத்தாவிட்டால் சதை போகாது. அதில் அவன் கெட்டிக்காரன். மரத்தில் மட்டும் ஓர் ஆணிகூட அடித்தவனில்லை. அப்படிப்பட்டவன் நாற்பதை நெருங்குகிற வயதில் கப்பல் செய்ய உட்கார்ந்தான் என்றால், அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி பட்டம்மாள்.

பட்டம்மாளுக்குப் பிறந்தவை இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அதே வாரத்தில், தோல் வியாபாரி அப்துல் சமத் சாயபுவின் மனைவி பிரசவத்தில் கண்ணை மூடினாள். தாயில்லாத அந்தக் குழந்தை வஜீதாவுக்குப் பால் கொடுக்கப் பட்டம்மாளைக் கூப்பிட்டார்கள். போனாள். சாயபு வியாபாரத்துக்காக ரங்கூனில் குடியேறியபோது குழந்தை இவளை விட்டு இறங்க மாட்டேன் என்றது.

"ரெண்டு வருஷம்யா. புள்ள சோறு துன்னப் பழகிட்டா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். அது 1904. இப்போது 1909 ஆகிவிட்டது. குழந்தை சோறு தின்னப் பழகி, சோறு ஆக்கவே பழகியிருக்கும்.

சாயபுவின் அண்ணன் டேனரியில்தான் காசிநாதனுக்கு வேலை என்பதால் எப்போதாவது "சுகம்" என்று சேதி வரும். ரங்கூனில் கொள்ளை நோய் என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிய பிறகு அதுவும் நின்றது. காசிநாதனுக்குத் துக்கத்தைவிடப் பெரிய பேஜார் ஒன்று இருந்தது. கண்ணை மூடினால் ரயில் ஜன்னல் வரைக்கும் பட்டம்மாள் தெரிந்தாள். அதற்கப்புறம் அவளைக் காணோம். எதில் ஏறினாள், எங்கே உட்கார்ந்தாள், ஒன்றும் தெரியவில்லை. கட்டினவளை நினைக்கக்கூட முடியாமல் போவது என்ன பிழைப்பு? அவளைக் கொண்டுபோன கப்பலைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவளையும் பார்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

சீமைக்குப் போகும் தோல் கட்டுகளின்மேல் மூன்று மரம் நட்ட கப்பல் ஒன்றை முத்திரையாகக் குத்துவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டான். டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. முதல் வெள்ளி புளியங்கட்டையில் கை வைத்தான். கத்தி மழுங்கியதுதான் மிச்சம். அடுத்து கல்யாண முருங்கைக் கட்டையைக் கொண்டுவந்து, தோல் வழிக்கும் பழக்கத்தில் வழித்தான். மரம் தோலைப் போல விட்டுக்கொடுக்குமா? ஒரு பக்கம் பள்ளமும் ஒரு பக்கம் மேடுமாக வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இது குரங்காகக்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் எட்டிப் பார்த்து, "பன்னிக்குத் தொட்டியா காசிண்ணா?" என்று கேட்டாள்.

மூன்றாவது கட்டை ஓரளவு கப்பலானது. டேனரியில் தோல் ஊறும் தொட்டியில் விட்டால் ஒருக்களித்துப் படுத்தது. தோல் கட்டுகளோடு மதராஸ் துறைமுகம் வரை போய்வரும் குமாஸ்தா ஆபித் பாஷாவிடம் போய் நின்றான்.

"வயித்துல கல்லு வெய்டா. வெறும் வயித்தோட மனுசனே நிக்க மாட்டான், கப்பல் நிக்குமா?" என்றார் பாஷா. "அப்புறம் மூணு மரம் நடு. மரத்துல பாய் கட்டு. பாய் இல்லாத கப்பல் ஒரு அடி நவுராது."

"பாயா, பாய்?" என்று கேட்டான் காசிநாதன். ஊர் வழக்கப்படி அவரை பாய் என்றுதான் கூப்பிடுவான்.

"பாய்தான்" என்றார் அவர், வேலை அவசரத்தில்.

காசிநாதன் வீட்டில் ஒரே ஒரு பாய் இருந்தது. கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் போட்ட அகலமான கோரைப்பாய், ஓரத்தில் சிவப்புக் கரை. பட்டம்மாள் ரயிலேறிய அன்று அதைச் சுருட்டி உத்திரத்தில் கட்டினவன், பிறகு அவிழ்க்கவே இல்லை. அவள் வந்து அவிழ்க்கட்டும் என்று இருந்தான். அவன் படுப்பது கோணிச் சாக்கில். கப்பலுக்குப் பாய் என்று கேட்டபோது அவனுக்கு ஆச்சரியமே இல்லை. அத்தனை ஜனம் படுக்கிற இடத்தில் பாய் இல்லாமலா? அதை ஏன் மரத்தில் கட்டுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. வெயிலுக்காக இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டான். கடையில் புதுப்பாய் வாங்கியிருக்கலாம். ஆனால் பட்டம்மாள் போன கப்பலுக்குப் பட்டம்மாளின் பாய்தான் பொருத்தம் என்று பட்டது. அதை இறக்கி, தோல் வெட்டும் கத்தியால் அவள் படுக்கிற பக்கத்திலிருந்து துண்டு போட்டான். துண்டுகளை மரத்தில் கட்டினான். முத்திரையில் கப்பலுக்கு முன்னால் தெரியும் முக்கோணத்துக்குச் சிவப்புக் கரை மூலையை வெட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி அழுத்தமாக ஒட்டினான்.

சனிக்கிழமை கப்பலை டேனரிக்குத் தூக்கிப் போனான். ஆபித் பாஷா பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அட அறிவுகெட்டவனே, கப்பல் பாய்னா துணிடா. படுக்கிற பாயையா கட்டுவாங்க?"

அன்று முழுக்க டேனரியில் வேலை நடக்கவில்லை. "தலகாணி எங்க காசி?" என்றான் ஒருவன். "படுக்கிற பாயக் கட்டிட்ட, பாஷா பாயக் கட்டாம வுட்டியே" என்றான் இன்னொருவன். காசிநாதனும் கூடச் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் இன்னும் ஜாஸ்தியாகும் என்று தெரியும்.

பூவம்மாள்தான் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவன் வாசலில் கப்பலை வைத்தபோது அந்தச் சிவப்புக் கரையை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது பட்டுவோட பாயி இல்ல? இன்னா காரியம் பண்ண? செத்தவங்க பாயத்தான் சுடுகாட்டுக்கு அனுப்பிக் கிழிச்சிப் போடுவாங்க. உசிரோட இருக்கிறவ பாயக் கிழிக்கலாமா?"

அங்கே கொள்ளை நோய், இங்கே நான் கத்தியை வைத்தேனே என்று காசிநாதனுக்கு மனசு அடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் கிடையாது. மறுநாளே மரத்திலிருந்து துண்டுகளை அவிழ்த்து, தோல் கட்டு தைக்கும் ஊசியும் சணலுமாக உட்கார்ந்தான். வெட்டுப்பட்ட கோரை நிற்காமல் பிரிந்தது. ஆட்டுத்தோல் வார் வைத்து ஓரம் கட்டித் தைத்தான். தினமும் வேலை விட்டு வந்து பொழுது சாயும்வரை தைத்தான். பாய் முழுசானால் அவளும் முழுசாக இருப்பாள் என்று நம்பினான். எல்லாத் துண்டும் சேர்ந்தன. மூலை மட்டும் சேரவில்லை. வஜ்ஜிரம் விடவில்லை, இழுத்தால் கிழியும். மூலை இல்லாத பாயைச் சுருட்டி மறுபடி உத்திரத்தில் கட்டினான்.

தை பிறந்ததும் சமத் சாயபு குடும்பம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஆம்பூர் வந்து இறங்கியது. பட்டம்மாளும் வந்தாள். காதோரம் நரைத்திருந்தது, மற்றபடி குத்துக்கல்லாட்டம் இருந்தாள். காசிநாதன் அவளைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். வெட்கப்படவில்லை.

பிற்பகலில் அவள் படுக்கலாம் என்று உத்திரத்திலிருந்து பாயை அவிழ்த்தாள். விரித்தாள். தையலைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

கப்பலைக் காட்டினான். பாஷா சொன்னது, தான் வெட்டியது, பூவம்மாள் திட்டியது எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சிட்ட."

"இல்ல பட்டு. நீ எதுல போனன்னு எனக்குத் தெரியல. அதப் பாக்கணும்னு இருந்துச்சி."

அவள் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் போன கப்பலுக்கு மரமும் இல்ல, பாயும் இல்லய்யா. இரும்பு. நடுவுல செங்கல் சூளையாட்டம் பொக பொகயா வுடும்" என்றாள். பிறகு, "மேல்தட்டுல எங்கள மாதிரி ஆளுங்கள்லாம். வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு பாய் கொண்டாந்து விரிச்சி எடம் புடிச்சிட்டாங்க. பாய் கொண்டு போகாதவ நான் ஒருத்திதான். ரங்கூன் போய்ச் சேர்ற வரைக்கும் உக்காந்தே போனேன்."

"ஏன், இத எடுத்துட்டுப் போறதுதானே?"

"உனக்குப் படுக்க வேணுமேன்னு வுட்டுட்டுப் போனேன்."

காசிநாதன் மூலையில் சுருட்டி வைத்திருந்த கோணிச் சாக்கைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

கல்யாணம் முடிகிற வரைக்கும் அவள் அந்தப் பாயில்தான் படுத்தாள். போவாளா, இருப்பாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் வரும். கேட்காத வரைக்கும் அவள் இருந்தாள். கடைசி நாள் காலையில் அவளே பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இத எடுத்துக்கறன்யா. வஜீதா இன்னும் என் பக்கத்துல படுத்தாத்தான் தூங்குது. அம்மான்னு கூப்புடுது. ரெண்டு வருஷம். அது கொஞ்சம் விவரம் ஆயிட்டா வந்துடுவேன்."

அந்த இரண்டு வருஷத்தை அவன் முன்னமே பார்த்திருக்கிறான். அவளுக்குக் கிடைத்த ஒரே குழந்தையைப் பிடுங்குவதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. "தையலு முதுகுல குத்துமே" என்றான்.

"குத்துது. குத்தட்டும்" என்றாள்.

ஸ்டேஷன்வரை பாயைத் தலையில் வைத்து அவன்தான் தூக்கிப் போனான். ஜன்னல் வழியாக அதை உள்ளே கொடுத்தபோது, மூலையில்லாத பக்கத்தைக் காட்டி, "அந்தத் துண்ட எப்படியாவது பேத்து அனுப்பறேன். தச்சிக்க" என்றான்.

"பேக்காத" என்றாள் பட்டம்மாள். "அது அங்கயே இருக்கட்டும். நான் வந்து தச்சிக்கறேன்."

வண்டி போன பிறகு காசிநாதன் வீட்டுக்கு வந்தான். கப்பல் வாசலில் இருந்தது. மரம் மூன்றும் மொட்டையாக, முன்னால் சிவப்புக் கரைத் துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. கண்ணை மூடிப் பார்த்தான். இந்தத் தடவை ரயில் ஜன்னலுக்கு அப்புறமும் அவள் தெரிந்தாள். இரும்புத் தட்டு, புகை, ஆளுக்கொரு பாய் விரித்த ஜனம், அவர்கள் நடுவில் அவன் தைத்த பாயில் பட்டம்மாள் காலை நீட்டிப் படுத்திருந்தாள், பக்கத்தில் ஒரு பிள்ளை. பாய் இல்லாத கப்பல் ஒரு அடி நகராது என்று பாஷா பாய் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு, கோணிச் சாக்கை உதறிப் போட்டான்.