எட்டு மணிச் செய்தி

மரைன் ஹில்லில், துறைமுகம் தெரியும் ஒரு மாடி அறையில், ஜம்புலிங்கம் பதினேழு வருடமாக ஒரே வேலையைத்தான் செய்துவந்தார். இரண்டு வரிகளைக் கணினியிடம் கொடுத்து, இவை இரண்டும் ஒன்றா என்று கேட்கும் வேலை. தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளுக்கு டிக்கெட் மென்பொருள் செய்யும் சின்ன கம்பெனி அது. ஒரே ஆள் ஒரு பயணத்துக்கு எஸ். காத்தமுத்து என்று பதிவு செய்வார், அடுத்ததற்குக் காத்தமுத்து எஸ் என்று பதிவு செய்வார். அந்த வரிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, நூற்றுக்கு இவ்வளவு ஒற்றுமை என்று எண் சொல்லும் நிரல் தொகுப்பை அவர்தான் எழுதினார். அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

வயது ஐம்பத்தெட்டு. மனைவி விசாலாட்சி இறந்து ஐந்து வருடம். விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் வாடகை வீடு. விமானம் இறங்கும்போது ஜன்னல் அதிரும். அந்த வீட்டில் அதைத் தவிர வேறு சத்தம் அதிகம் இருக்காது. ஒரே மகள் மீனா கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வரும்: "ஆபீஸ் கிளம்பிட்டேன்பா. சாப்பிட்டாச்சு. மாத்திரை மறக்காதீங்க." அது வந்த பிறகுதான் ஜம்புலிங்கம் செருப்பை மாட்டுவார்.

கம்பெனியோடு அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் போய் மகளோடு இருப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும். போய்விட வேண்டும் என்றுதான் இருந்தார். திங்கட்கிழமை அவளுக்கு எழுதினார்: "நான் அங்கேயே வந்துடலாம்னு பாக்கறேன். நீ என்னம்மா சொல்றே?" மறுநாள் காலை, ஆபீஸ் கிளம்பியதாகவும் மாத்திரை மறக்கவேண்டாம் என்றும் பதில் வந்தது. யோசிக்கிறாள், நிதானமாகச் சொல்வாள் என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை, நிரல் தொகுப்பின் புதிய பதிப்பைச் சோதிக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் கையால் அடித்த சின்னச் சின்ன வாக்கியங்கள் தேவை. பயணிகளின் விவரத்தை எடுத்து விளையாடுவது அவருக்குப் பிடிக்காது. தன் போனிலிருந்து மகளுடைய செய்திகளை இறக்கி, ஒவ்வொரு நாளையும் அதற்கு முந்தைய நாளோடு ஒப்பிடவிட்டார். அறுபது, எழுபது என்று வரும் என எதிர்பார்த்தார்.

நூறு. நூறு. நூறு. திரை கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

"அஃப்ஷீன், இங்க வாம்மா. எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எதைக் குடுத்தாலும் நூறுங்குது."

பக்கத்து மேசை அஃப்ஷீனுக்கு இருபத்தேழு வயது. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீனின் மகள். நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தாள்.

"அரே அங்கிள், பதினேழு வருஷத்துல இப்பத்தான் தப்பு ஒத்துக்கிறீங்க. கேக் வாங்கணும்." திரையைப் பார்த்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். "கோட் டீக் ஹை அங்கிள், அதுல ஒரு தப்பும் இல்ல. போன வருஷம் வரைக்கும் முப்பது, நாப்பதுன்னு ஒழுங்காத்தானே வருது. இந்த இடத்துலேர்ந்துதான் நூறு. சண்டே கூட ஆபீஸ் கிளம்பியிருக்காங்க, பாருங்க. இது நேரம் குறிச்சு வெச்சா போன் தானா அனுப்பு..."

பாதியில் நிறுத்தினாள். அது யாருடைய செய்தி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "சாய் கொண்டாரேன்," என்று எழுந்து போய்விட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு நாள். அதில் ஐம்பத்தொன்பது ஞாயிறு. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் அதைக் கவனித்ததில்லை. வந்துவிட்டது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு, எதற்கென்று தெரியாமல், தன்னுடைய பதில்களையும் நிரலுக்குக் கொடுத்தார். "சரிம்மா. உடம்பைப் பாத்துக்கோ." முதல் எழுத்தைத் தொட்டதும் போனே மீதியை நீட்டிவிடும், இவர் அதை அமுக்குவார். அங்கும் நூறாகவே ஓடியது. நானூற்றுப் பதினொன்று ஒரே வரி. திங்கட்கிழமையுடையது மட்டும் வேறு.

மதியம் வராந்தாவில் நின்று மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா? என்னாச்சு? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. திங்கக்கிழமை ஒண்ணு எழுதியிருந்தேன்."

அவள் தேடுவது தெரிந்தது. படிக்கவும் கொஞ்ச நேரம் எடுத்தாள்.

"நான் இதைப் பாக்கவே இல்லப்பா. நீங்க எப்பவும் ஒண்ணேதானே போடுவீங்க..."

"நீயும்தான்."

"அது... ஷிஃப்ட் மாறினப்ப செட் பண்ணினது. நீங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாதேன்னு. அப்புறம் அப்படியே விட்டுட்டேன்."

"வரட்டுமா?"

"இங்க ஒரே ரூம்ல மூணு பேர் இருக்கோம்பா. வேற வீடு பாக்கணும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்களேன்."

"மூணு பேரா? எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமா."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலியேப்பா."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. டைம் எடுத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

வியாழன் காலை எட்டு மணிக்குச் செய்தி வரவில்லை. அவள் அதை நிறுத்தியிருக்க வேண்டும். எட்டரை வரை வாசலில் நின்றுவிட்டு வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமையும் போன் சும்மா இருந்தது.

அன்று மேனேஜர் சுதாகர் காகிதத்தை நீட்டினார். "தீன் சால், மூணு வருஷம், பக்கா?"

"ஒரு வருஷம்னு மாத்துங்க சார்," என்றார் ஜம்புலிங்கம். மகள் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் எப்படி வாழ்கிறாள் என்றே தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியாது.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அவளுக்கு எழுதினார். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதை எழுதினார். போன மாதம் வழுக்கி விழுந்து முட்டி வீங்கியதையும், சொல்லாமல் விட்டதையும் எழுதினார். உன்னோடு இருக்கிற ரெண்டு பேரோட பேர் என்ன, சமையல் யார், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டார். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்பிவிட்டு விளக்கைப் போட்டார். பிறகு அடுப்பில் ஒரு ஆளுக்குச் சோறு வைத்தார்.