பொட்டுக்கு அடியில்

ஓசூர் சிப்காட்டில் மோட்டாருக்குள் போகும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றும் கம்பெனி ஒன்றில் சம்பங்கி வேலைக்குச் சேர்ந்தபோது, சூப்பர்வைசர் சொன்ன முதல் விதி குங்குமம் கூடாது என்பதுதான். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுகிற வேலை அது. குனிந்த நெற்றியிலிருந்து பொடி உதிர்ந்து கம்பிக்குள் போனால் அந்தக் காயில் குப்பைக்குத்தான். அதற்காகக் கல்யாணமான பெண்கள் வெறும் நெற்றியோடு வந்து உட்கார முடியுமா? லைனில் இருந்த நாற்பது பேரும் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினார்கள். ஷிப்டு பஸ் நிற்கும் இடத்திலேயே ஒருவன் பொட்டு அட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்றான். பெங்களூரிலிருந்து மூட்டையாக வரும் சரக்கு. அட்டையில் செய்தவன் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. சிரிக்கிற பெண்ணின் படம் மட்டும் இருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சம்பங்கிக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. பாரூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவளுக்கு, மெரூன் நிறப் பொட்டை ஒட்டியதும் கண்ணாடியில் தெரிந்தது கம்பெனிக்காரியின் முகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்த சுடலைமுத்து அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொக்கிப்போனான். அவர்கள் கல்யாணத்துக்கு அவன் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. இவள் பக்கத்தில் அண்ணன் மட்டும் வந்து, கை நனைக்காமல் திரும்பிப் போனான். சொந்தம் என்று இரண்டு பேருக்கும் மிச்சமிருந்தது மூன்றரை வயது மகள் தங்கமணி ஒருத்திதான்.

எண்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். ஒரு காலையில் முகம் கழுவப் பொட்டைப் பிய்த்தபோது அந்த இடத்தில் எள்ளளவு வெள்ளை தெரிந்தது. தேய்த்தாள், போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினாள், மஞ்சள் பூசினாள். பத்து நாளில் எள்ளு உளுந்தாகிவிட்டது. சம்பங்கிக்குக் கோவிந்தப்பன் ஞாபகம் வந்தது.

கோவிந்தப்பன் பேக்கிங்கில் இருந்தவன். போன வருஷம் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் அவன் முதுகில் ஒரு வெளுத்த தேமலைக் கண்டுபிடித்து, குஷ்டத்தின் ஆரம்பம், மாத்திரையிலேயே குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். முதல் பாதிதான் எல்லார் காதிலும் ஏறியது. மறுநாளே அவனுக்குத் தனி டம்ளர். லைனில் சம்பங்கிக்கு அடுத்த சீட்டு இருளாயிக்கு. அவள்தான் சத்தமாகச் சிரித்து, "அவன் டிபன் பாக்ஸ அந்தாண்ட தள்ளுங்கடி, தொட்டா ஒட்டிக்கும்!" என்றாள். தள்ளியது யார் தெரியுமா? நம் சம்பங்கிதான். அதுவும் கையால் அல்ல, காலால். ஒரு மாதத்துக்குள் கோவிந்தப்பன் வேலையை விட்டுவிட்டான். நாட்றாம்பாளையம் பக்கம் ஆடு மேய்க்கிறான் என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது தன் நெற்றியில் அதே வெள்ளை. யாரிடம் போய்ச் சொல்வது? வேலை போகும். அது போனால் போகட்டும். சுடலைமுத்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டால்? சீக்குக்காரியிடம் குழந்தையை விடாதே என்று நாலு பேர் சொன்னால் அவன்தான் என்ன செய்வான்? இதை நினைத்தபோதெல்லாம் அவள் கையில் கம்பி அறுந்தது. சூப்பர்வைசர் திட்டினார்.

அவள் செய்தது ஒன்றுதான். வெள்ளை தெரியாத அளவுக்குப் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டினாள். வெள்ளை இன்னும் பரவியது. இன்னும் பெரிய பொட்டு. சித்திரைக்குள் பொட்டு நாலணாக் காசு அளவுக்கு வந்துவிட்டது. "இன்னாடி, கன்னடத்துக்காரிங்க மாதிரி அகலமா வெச்சினு வர?" என்று, அவளைவிட அகலமாக வைக்கும் இருளாயியே கேலி செய்தாள். சம்பங்கி சிரித்து வைத்தாள். பொட்டில்லாமல் ஒரு நிமிஷம்கூட யார் கண்ணிலும் படவில்லை. குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டுதான் பழையதைப் பிய்ப்பாள், பசை காயாமலிருந்தால் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி வைத்துக்கொள்வாள்.

தங்கமணிக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம்தான் அவளை அரித்துத் தின்றது. தட்டைத் தனியாக்கினாள். சோறு ஊட்டுவதை நிறுத்தினாள். மடியில் ஏற வந்தால், "அம்மாவ தொடாத கண்ணு, அம்மாக்கு ஜலதோஷம்" என்பாள். நாலு மாதமாகவா ஒருத்திக்கு ஜலதோஷம்? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி வெங்கடம்மாதான் பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள். தலை சீவுவதையும் குளிப்பாட்டுவதையும்கூட அவள் தலையிலேயே கட்டிவிட்டாள் சம்பங்கி. வெங்கடம்மா முணுமுணுத்தாலும் செய்தாள்.

சுடலைமுத்து பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"நான் என்ன செஞ்சிட்டேன்னு இப்பிடி ஒதுங்குத? என்னைக் கட்டுனது தப்புன்னு தோணுதா? வாயத் தொறந்து சொல்லு, புள்ள."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உடம்புக்கு முடியல."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வா."

"ஆஸ்பத்திரியா? வேணாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவனே பயந்துபோனான். பாதிச் சோற்றோடு எழுந்து வெளியே போய்விட்டான். ஏதேதோ நினைத்துக்கொண்டான் பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெங்கடம்மா திடீரென்று கூப்பிட்டாள்.

"ஏமே சம்பங்கி, இக்கட ரா! பாப்பா நெத்தியில இன்னாமே இது, வெள்ளையா?"

சம்பங்கி ஓடினாள். நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். மிளகளவு வெள்ளை. அத்தனை ஒதுங்கியும் ஒட்டிவிட்டது. பெற்ற பிள்ளைக்குத் தானே எமனாகிவிட்டோம் என்று நினைத்தவள், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து எத்தனை மாதமாகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

தன் நெற்றியை அவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் மறைத்திருப்பாள். பிள்ளையின் நெற்றியை மறைக்க அவளால் ஆகவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று பிள்ளையோடு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வந்த பெண்ணைப் பார்த்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். சூளகிரி தாண்டும்வரை அழுகையை அடக்கினாள், அப்புறம் முடியவில்லை.

தோல் பார்க்கும் டாக்டரம்மா நடுவயதுக்காரி, கண்டிப்பானவள். "பொட்டை எடும்மா" என்றாள். சம்பங்கி நாலு மாதத்தில் முதல்முறையாக இன்னொருவர் முன்னால் அதைப் பிய்த்தாள்.

"கண்ண மூடிக்க. பஞ்சு படறப்ப எல்லாம் சொல்லு."

"படுது... இப்ப படுது... இப்பவும் படுதுங்க."

"வெள்ளையிலதான் தொட்டேன். குஷ்டமா இருந்தா பெரும்பாலும் அங்க உணர்ச்சி இருக்காது" என்ற டாக்டரம்மா, பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துச் சட்டைக் கையை மேலே தூக்கினாள். முழங்கைக்கு மேலே மூன்று வெள்ளைப் புள்ளிகள், வரிசையாக, ஒரே அளவில். "இது என்ன பாப்பா?"

"பொட்டு" என்றாள் தங்கமணி பெருமையாக. "கண்ணாடியில இருக்கும். நான் தினமும் வெச்சிக்குவேன். கைக்கும் வெப்பேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுக்கிட்டு எந்த நோயும் வராதும்மா. பொட்டுல இருக்கிற பசை தோல் நிறத்தக் கொல்லுது. பெரிசு பெரிசா ஒட்ட ஒட்டப் பெரிசாகும். யாருக்கும் ஒட்டாது. எனக்கு இது இந்த வருஷத்துல ஏழாவது கேஸ்."

"என் கொழந்தைக்குச் சரியாயிடுங்களா?"

"சின்ன வயசு, திரும்பிடும்னு நெனக்கிறேன். உனக்கு உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ஸ்டிக்கரத் தொடாதீங்க. பேரில்லாத கிரீம், பவுடர் எல்லாத்தையும் தூக்கிப் போடு."

திரும்பி வரும்போது ஓசூர்வரை தங்கமணி அவள் மடியில்தான் இருந்தாள். இறக்கிவிடச் சொல்லிக் கேட்டும் சம்பங்கி விடவில்லை.

சுடலைமுத்துவிடம் சொன்னபோது அவன் அந்த வெள்ளையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். "இவ்வளவுதானா? கோட்டி புடிச்சவளே, எனக்கு உசுரே போயிட்டு" என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொட்டு அட்டைகள், சந்தையில் வாங்கிய ஸ்நோ, ரோஸ் பவுடர் எல்லாம் அன்றே குப்பைக்குப் போயின. வெங்கடம்மா தன் பேரப்பிள்ளைக்கு வைக்கும் சாந்தை ஒரு கொட்டாங்கச்சியில் கொடுத்தாள். ஜவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சியது. உதிராது, காயில் கெடாது. முகத்துக்கு இனி பயத்தமாவு. ஆனால் சாந்தை வெள்ளையின் மேல் வைக்கக் கூடாது, நிறம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. அதனால் புருவத்துக்கு நடுவே கடுகளவு சாந்து, அதற்கு மேலே பட்டப்பகலில் தெரியும் வெள்ளை வட்டம். இந்தக் கோலத்தில்தான் புதன்கிழமை கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைச் சம்பங்கி நீட்டினாள், யாரும் வாங்கவில்லை. "ஸ்டிக்கர் பசைதான்டி இது. உங்களுக்கும் வரும்" என்று சொல்லிப் பார்த்தாள். இருளாயி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, கேலிகூடச் செய்யாமல் எழுந்து போனாள்.

சம்பங்கி கை கழுவ பாத்ரூமுக்குப் போனபோது இருளாயி பின்னாலேயே வந்து தாழ் போட்டாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் சம்பங்கி பயந்தாள். இருளாயி குழாயைத் திறந்துவிட்டு, தன் பொட்டைப் பிய்த்தாள்.

சம்பங்கியினுடையதைவிடப் பெரிய வெள்ளை.

"ரெண்டு வருஷம் ஆவுது" என்றாள். "நெசமாவே பசைதானா?"

"நெசமாத்தாங்க்கா."

"ஒட்டாதா?"

"யாருக்கும் ஒட்டாதுக்கா. இது நோயே இல்ல."

இருளாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் பையன் அப்ப கைப்புள்ள. பால் குடிச்சினு இருந்தான். ஒட்டிக்குமேன்னு ஊத்தங்கரையில எங்க அண்ணி கையில குடுத்துட்டு வந்தேன். இப்ப அவளத்தான் அம்மாங்கறான். நான் போனா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கறான்."

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இருளாயி சம்பங்கியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"அப்ப நான் எதுக்குடி அவனக் குடுத்தேன்?"