அந்தப் பச்சைக் கோடு

தன் அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, போன வாரம் என் அக்கா மகள் செல்வி போனை நீட்டினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு, மேலும் கீழுமாகத் துள்ளி ஓடியது.

"பாருங்க மாமா. டாக்டர் கைய விரிச்சப்புறமும் இருவது நிமிஷம் நைனா ஹார்ட்டு ஓடிகினு இருந்திருக்கு. உயிரோட இருந்தவரைப் போயிட்டார்னு சொல்லியிருக்கான். உட மாட்டேன். கேஸ் போடப் போறேன்."

எனக்கு வாயடைத்துப் போனது. வருஷக்கணக்காக என்னை வாசித்துவரும் உங்களுக்கு, அது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும்.

ஐந்தாவது தாண்டாதவன் நான். அம்மையார்குப்பத்தில் அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தவன், இன்று பதினாறு பவர்லூம் ஓட்டுகிறேன். எழுபத்தொரு வயது... மாதாமாதம் கிருத்திகைக்குத் திருத்தணி மலையைப் படியேறித்தான் தரிசனம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

செல்வியின் அப்பாவுக்கு — என் பாவாவுக்கு — அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு முறை மயங்கி விழுந்தார். சென்னையில் வேலை பார்க்கும் செல்விதான் டாக்டரிடம் கேட்டு, அவர் நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டவைத்தாள். தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் சென்சார். துடிப்பு தப்பினால், பக்கத்தில் இருக்கும் போன் வழியாக அவளுக்கு அலாரம் போகும். பட்டையைக் கழற்றி வைத்தாலும் போகும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பாவா வருஷா வருஷம் காவடி எடுப்பவர். "படி வேணாம் நைனா, வண்டியில மேல போங்க" என்று செல்வி சொல்லியிருந்தாள். நான் சும்மா இருந்தேனா?

"இன்னா பாவா, பொண்ணு சொன்னா முருகனுக்கே லீவா? நான் ஏறல?"

"உனுக்கு இன்னா மச்சான், இரும்பு நெஞ்சு" என்று சிரித்தார்.

சட்டையைக் கழற்றி நெஞ்சு முழுக்கச் சந்தனம் பூசும்போது பட்டை இடறியது. காவடி எடுக்கிற உடம்பில் பிளாஸ்டிக்கா? அவருக்கு மனசு ஒப்பவில்லை. கழற்றினாலோ சென்னையில் அலாரம் அடிக்கும்.

யோசனை சொன்ன மேதை யார் என்கிறீர்கள்?

"என் நெஞ்சுல ஒட்டு பாவா. உன் போனும் என் பாக்கெட்ல கிடக்கட்டும்."

சட்டென்று மாற்றினோம். போன் சத்தம் போடவில்லை. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

பாதிப் படியில் பாவா நின்றார். "மூச்சு வாங்குது மச்சான்."

"போன் ஒண்ணும் கத்தலையே, நட பாவா!" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். போன் கேட்டுக்கொண்டிருந்தது என் நெஞ்சை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னும் கொஞ்சம் ஏறியதும் காவடியோடு சரிந்தார். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். அவர் சொன்னது சரி. அதற்கப்புறம் நான் அங்கே பாத்ரூமுக்குள் போய்ப் பட்டையைப் பிய்த்துப் போட இருபது நிமிஷம் ஆனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று சென்னைக்கு ரயிலேறிப் போய்ச் செல்வியிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் மேல் தப்பில்லை, அந்தக் கோடு என்னுடையது என்று.

திட்டுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து அந்தப் பச்சைக் கோட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"அப்போ அது நைனா நெஞ்சுல இருந்திருந்தா... பாதிப் படியிலயே எனுக்கு அலாரம் வந்திருக்கும், இல்ல மாமா?"

இத்தனை வருஷமாக உங்களிடம் வாய் ஓயாமல் பேசியவன் நான். "ஆங்" என்று மட்டும் தலையாட்டினேன்.