ரெமிக்கு மட்டும்

யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று பாடுபட்ட ஒருவர், இன்னார் உள்ளே வரக் கூடாது என்றும் பாடுபட முடியுமா? இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவைதானா? ஆர்டெல் லவோய் என்ற பெண்மணி இப்படியெல்லாம் கேட்டுக்கொள்கிறவர் இல்லை. அவருடைய வாழ்க்கைதான் கேட்டது. அதுவும் மாநிலத்தை ஆளும் கவர்னரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஓர் இலையுதிர்காலத்தில், அவருடைய சொந்தக் கூடத்தில், எல்லார் கையிலும் காப்பி இருந்தபோது.

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடபகுதியில், காகித ஆலை மூடிப்போன ஊரின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. எல்லாம் டிரெய்லர் வீடுகள். ஒரு காலத்தில் சக்கரத்தின் மேல் வந்து இறங்கியவை. இனி எங்கும் போக முடியாதவை. ஆர்டெலின் வீட்டை இழுத்தால் சாலையைத் தொடுவதற்குள் தரை பிளந்துவிடும். வீடு எங்களுடையது, அடியில் இருக்கும் மண் வேறொருவருடையது என்ற நிலையில் பல வருடம் இருந்தோம். மண்ணின் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினால் முனகிக்கொண்டே கொடுப்போம். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்?

அந்தச் சொந்தக்காரர் நிலத்தை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஆர்டெல் கதவு கதவாகப் போனார். எல்லாரும் சேர்ந்து கடன் வாங்கி நாமே வாங்கிவிடலாம் என்றார். அவருக்கு நன்றாகப் பேச வராது. எதிராளி சொல்வதைப் பாதியில் வெட்டுவார். கோபம் வந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஆனால் மறுநாள் அதே கதவில் வந்து நிற்பார். அந்த ஒரு குணத்தால்தான் நிலம் எங்கள் கைக்கு வந்தது. அதை நடத்த நாங்கள் அமைத்த சங்கத்துக்கு அவரையே தலைவராக்கினோம்.

பிழைப்புக்கு அவர் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, துணி மாற்றிவிட்டு வருவார். ஆலை மூடியபோது அவர் கணவர் நார்மண்டின் மருத்துவக் காப்பீடும் போனது. நார்மண்ட் இதய மாத்திரையைச் சமையல் கத்தியால் பாதியாக வெட்டி, ஒரு நாள் மருந்தை இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை. பகலெல்லாம் ஊராருக்கு மாத்திரை கொடுத்த ஆர்டெலுக்கு, கணவர் இறந்த பிறகுதான் அது தெரிந்தது.

நிலத்தை வாங்கிய முதல் குளிர்காலத்தில், குடியிருப்பிலேயே இருந்த ஆர்டெலின் தோழி டாட்டி ஹஸ்கின்ஸின் கதவை ஒருவன் உடைத்தான். போதைமருந்து வழக்கில் சிறைக்குப் போய் வெளியே வந்து, மூலை வீட்டில் அண்ணனோடு தங்கியிருந்தவன். டாட்டிக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்த வலி மருந்துக்காக வந்தான். அவன் அலமாரிகளைக் கவிழ்க்கும் சத்தத்தைக் கேட்டபடி டாட்டி குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த கூட்டத்தில் ஆர்டெல் எழுந்தார்.

“இனிமே நமக்கு முதலாளி கிடையாது. யார் உள்ள வரலாம், யார் வரக் கூடாதுன்னு நாமதான் சொல்லணும்.”

போதைமருந்து வழக்கில் தண்டனை பெற்றவர் யாரும் இங்கே குடியிருக்க முடியாது என்று விதி போட்டோம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். ஆர்டெலின் ஒரே மகன் ரெமி அப்போது கூரை வேலை செய்துகொண்டிருந்தான். அன்று எங்கள் சங்க மண்டபத்தின் கூரையில் ஒழுகலை அடைத்தவனும் அவனே.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து ரெமி விழுந்தான். முதுகு வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மருத்துவர்கள் அதை நிறுத்தியபோது அவனால் நிறுத்த முடியவில்லை. தெருவில் வாங்கினான், வாங்குவதற்காக விற்றான், சிறைக்குப் போனான்.

நான் சொல்லும் அந்த இலையுதிர்காலத்தில், அவனை மேற்பார்வையில் வெளியே விடச் சம்மதித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: போய்த் தங்க ஒரு முகவரி வேண்டும். மேற்பார்வை அதிகாரி அந்த வீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். நவம்பர் பாதிக்குள் முகவரி கிடைக்காவிட்டால் வசந்தம் வரை அவன் உள்ளேதான். ஊருக்குள் வாடகை வீடுகளைப் பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்காக வளைத்துப் போட்டுவிட்டார்கள். ஆர்டெலின் சம்பளத்தில் இரண்டு இடத்துக்குக் கொடுக்க வழியில்லை. இருப்பது அவர் வீட்டின் பின்னறை மட்டும். அதற்குக் குறுக்கே அவரே போட்ட விதி.

விதியை நீக்குவதற்காக, தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமைக்குச் சங்கக் கூட்டம் அறிவித்திருந்தார். அதற்குள் அவர் மெலிந்துபோனார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று வாசலைப் பார்ப்பார். குளிருக்கு முன் குழாய்கள் உறையாமலிருக்க அவர் வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திறந்த சன்னல் வழியே சிறையிலிருந்து வந்த போன் காதில் விழுந்தது. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“மா, அட்ரஸ் குடுத்துட்டியா?”

“குடுத்துடுவேன்டா.”

“போன வாரமும் இதேதான் சொன்ன.”

“சனிக்கிழமை கூட்டம். அதுக்கு முன்னாடி லிடியா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. கவர்னருக்கு நிக்கறாங்களே, அவங்க.”

“ஏம்மா, கவர்னரா வந்து எனக்குப் படுக்கை விரிக்கப் போறாங்க? டாட்டி அத்தைகிட்ட பேசினியா?”

ஆர்டெல் மாவை அழுத்திப் பிசைந்தார்.

“பேசலையா?”

“அவ கண்ணப் பாத்து எப்படிடா கேக்கறது?”

அதற்குள் நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது. ஆர்டெல் மாவை அப்படியே விட்டுவிட்டு நின்றார்.

லிடியா பாரோ மூன்று விஷயங்களைச் சொல்லி ஓட்டுக் கேட்டார். குடியிருப்புகளில் மண் வாடகைக்கு உச்சவரம்பு. பணமில்லை என்பதற்காக யாரும் மருந்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய நிலை வரக் கூடாது. சிறையிலிருந்து திரும்புகிறவருக்குப் பழைய தண்டனையை மட்டும் காட்டி யாரும் வீடு மறுக்கக் கூடாது. துண்டுப் பிரசுரத்தில் மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருந்தன. ஆர்டெலுக்கு அவை மூன்றும் ஒரே வீடு.

எங்கள் மாநிலத்தில் கவர்னர் பதவிக்கு நிற்கிறவர் யாரோ ஒரு வாக்காளர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மாவுக்குள் உள்ளீடு வைத்துச் சுட்ட ‘பை’ சாப்பிடுவது பெரிய விஷயமல்ல. வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தாரை அழைப்பார், காப்பி ஊற்றுவார். வந்தவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள். வீட்டுக்காரர் கடைசியில்தான் கேட்பார். விருந்தாளியை முந்தினால் மரியாதை இல்லை. ஆர்டெல் தன் கேள்வியைக் கார் ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார். என்னிடமும் சொல்லிக் காட்டினார்.

“வீடு மறுக்கக் கூடாதுன்னு சொல்றீங்களே, அது இந்த இடத்துக்கும் உண்டா? அவ்ளோதான் கேப்பேன். அவங்க எல்லார் முன்னாடியும் ‘உண்டு’ன்னு சொல்லட்டும், சனிக்கிழமை பாதி வேலை முடிஞ்ச மாதிரி.”

வேட்பாளர் பேசினால் அக்கம்பக்கம் கேட்கும் என்று அவர் நம்பினார். கூடத்துக்குள் நுழைந்ததும் அக்கம்பக்கத்தின் முகம் பார்த்துத்தான் வேட்பாளர் பேசுவார் என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

லிடியா வந்த மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. வாசலில் சேற்றுப் பூட்ஸுகள் குவிந்தன. எதிர்க்கட்சியின் தேர்தல் பலகையைத் தன் முற்றத்தில் நட்டு வைத்திருந்த எல்மர் டுவைட்டும் வந்திருந்தார்.

“நான் உங்க ஆளு இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். ஆர்டெலோட இறைச்சிப் பைக்காக வந்தேன்.”

“பைக்குக் கட்சி கிடையாது, உக்காருங்க,” என்றார் லிடியா. கூடம் சிரித்தது. கெட்டிக்காரர்தான்.

மண் வாடகையைப் பற்றிப் பேசினார், தலைகள் ஆடின. மருந்தைப் பற்றிப் பேசும்போது ஆர்டெலின் பக்கம் திரும்பி, நார்மண்டின் பெயரைச் சொன்னார். யாரும் கோப்பையைக்கூட நகர்த்தவில்லை. மூன்றாவது விஷயத்துக்கு வரும்போது டாட்டி கைத்தடியைத் தரையில் ஊன்றினாள்.

“ஒண்ணு கேக்கறேன் லிடியா. என் கதவ ஒருத்தன் உடைச்சான். இன்னிக்கும் குளிக்கறப்ப தாழ் போட்டுட்டு ரெண்டு தரம் இழுத்துப் பாக்கறேன். நாங்க கடன்பட்டு வாங்கின மண்ணு இது. யார் வரணும்னு நீங்க மேல உக்காந்து சொல்லுவீங்களா?”

எல்மர் தட்டை மடியில் வைத்தார். “அதான் நானும் கேக்கறேன். கம்பெனிக்காரன்கிட்ட இருந்து தப்பிச்சு கவர்னர்கிட்ட மாட்டவா?”

லிடியா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஆர்டெல் காப்பிக் கூஜாவோடு சமையலறை வாசலில் நின்றார். அவர் உதடுகள் லேசாக அசைந்தன. ‘உண்டு’ என்ற சொல்லை அவரே எடுத்துக்கொடுப்பதுபோல் இருந்தது.

“அந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு,” என்றார் லிடியா. “உங்கள மாதிரி குடியிருக்கறவங்களே சொந்தமா நடத்தற இடத்துக்கு அதுல விலக்கு இருக்கும். உங்க வாசல நீங்கதான் காக்கணும். அதுல நான் கை வைக்க மாட்டேன்.”

கைதட்டல் எழுந்தது. அன்று மாலை கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அது. கூஜாவை வைக்க இடம் தேடி, இடம் இருந்தும் வைக்காமல், ஆர்டெல் அப்படியே நின்றார். அவருடைய முறை வந்தபோது அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று லிடியாவின் உதவியாளர் கோட்டை நீட்டினார்.

வாசலில் லிடியா ஆர்டெலின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க கதைய மத்த ஊர்லயும் சொல்லலாமா?”

“எந்தக் கதை? நார்மண்ட் கதையா, ரெமி கதையா?”

லிடியா பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். ரெமியைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆர்டெல் முன்பே சொல்லியிருந்தார். “உங்க கணவர் கதை. அது எல்லாருக்கும் உடனே புரியும்.”

“சொல்லிக்கோங்க,” என்றார் ஆர்டெல். கதவைச் சாத்தினார்.

லிடியாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாட்டியின் பயம் உண்மை. அந்தப் பயத்துக்கு அவர் பதில் சொன்னார். ஆனால் அதே கூடத்தில் இன்னொரு பயம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைக்குள் ஆர்டெல் ஒவ்வொரு கதவாகப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், விளக்கை அணைத்தார். அதிகாரியிடமிருந்து ஒருமுறை போன் வந்தது. இன்னும் ஒரு வாரம்தான் பொறுக்க முடியும் என்று சொன்னாராம். டாட்டி மட்டும் தானாகவே என்னிடம் வந்து, “அவ ஏன் என்கிட்ட வரமாட்டேங்கறா? நான் என்ன மரமா?” என்று மூக்கைச் சிந்தினாள்.

கூட்டத்தில் ஆர்டெல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானத்தைப் படித்தார். தண்டனை பெற்றவர்கள் குடியிருக்கத் தடை செய்யும் விதியை நீக்குவது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாட்டி எழுந்தாள்.

“ஏண்டி ஆர்டெல், எதுக்குடி விதிய முழுசா எடுக்கணும்? விதி இருந்துட்டுப் போகட்டும். ரெமிக்கு மட்டும்னு ஒரு வரி எழுது. அவன் நம்ம பையன். என் வீட்டு வாசல்ல அவன் போட்டுக்குடுத்த சரிவுப் பலகைலதான் நான் இன்னிக்கும் நடக்கறேன். ரெமிக்கு மட்டும்னா நான் கை தூக்கறேன்.”

எல்மர், “நானும் தூக்கறேன். அடுத்தவன் வந்தா அப்போ பாத்துக்கலாம்,” என்றார். மண்டபம் முழுக்க மூச்சு விட்டதுபோல் இருந்தது. எல்லாருக்கும் ஏற்ற வழி. சிலர் கையைப் பாதி தூக்கியே விட்டார்கள். நான் ஆர்டெலைப் பார்த்தேன். மகனுக்கு முகவரி கிடைத்துவிட்டது. அவர் சரி என்றால் போதும்.

மண்டபத்தைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. ஆர்டெல் டாட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நன்றி இருந்ததா என்றால், அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிறகு முன்னால் இருந்த தாளை நேராக்கினார்.

“அடுத்தவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. விதி இருக்கணுமா, எடுக்கணுமா. இன்னிக்கு ஓட்டு அதுக்கு மட்டும்தான்,” என்றார்.

“ஆர்டெல்!” என்றாள் டாட்டி.

“எடுக்கணும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க.”

சில கைகள்தான் உயர்ந்தன. டாட்டியின் கை உயரவில்லை. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். விதி அப்படியே நீடித்தது.

செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட டாட்டியை வழக்கம்போல ஆர்டெல்தான் காரில் கூட்டிப்போனார். யாருக்குப் போட்டார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே வீட்டைச் சங்கத்துக்கு விற்றார். ஊருக்குள் சலவைக்கடை மாடியில், வெந்நீர்க் குழாயின் சத்தம் இரவெல்லாம் கேட்கும் இரண்டு சிறிய அறைகளைப் பிடித்து, அந்த முகவரியை அதிகாரியிடம் கொடுத்தார். சாமான் ஏற்றும்போது எல்மர் கேட்டார்: “ரெமிக்கு மட்டும்னு சொன்னோமே ஆர்டெல், அது போதாதா உனக்கு?”

ஆர்டெல் வீட்டைச் சுற்றியிருந்த வைக்கோல் கட்டுகளைப் பார்த்தார். “அதப் பிரிச்சிடாதீங்க,” என்றார். “யார் வந்தாலும் குழாய் உறையாம இருக்கணும்.”