பூனையிடம் பட்ட பொறாமை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது நின்றுபோனது. தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிக் கிடக்க, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் வள்ளிக்கிழங்கு போட்டோம். அதை எலி தோண்டித் தின்றது. பக்கத்து வீட்டுக்காரி கம்பியில் கண்ணி வைத்து எலி பிடிப்பாள். கிழங்கும் தப்பும், கறியும் ஆகும். என் எட்டு வயது மகள் அவள் பின்னாலேயே திரிய ஆரம்பித்தாள். "சின்னம்மா" என்று உறவு வேறு கொண்டாடினாள். எனக்கு வயிறு எரிந்தது. பத்து வருடம் கொழுந்து கிள்ளியவள் நான். அந்த வித்தையை இப்போது யார் கேட்கிறார்கள்?

அந்த நேரத்தில்தான் கிழங்குக் கொல்லை ஓரம் ஒரு காட்டுப்பூனை மூன்று குட்டிகளோடு வந்து சேர்ந்தது. முதலில் செத்த எலியைக் கொண்டுவந்து குட்டிகள் முன்னால் போட்டது. பிறகு குற்றுயிராகக் கொண்டுவந்தது. அப்புறம் உயிரோடேயே விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். குட்டிகள் தப்பவிட்டால் தானே பிடித்து வந்து மறுபடி விடும். மூன்றும் தாயின் முகத்தையே பார்த்துக் கிடக்கும். கொடுத்துவைத்தவள், உன் பிள்ளைகள் உன்னை விட்டு எங்கே போகப்போகின்றன என்று அதன் மேலும் பொறாமைப்பட்டேன். பூனையைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்காதீர்கள், நான் பட்டேன்.

ஒருநாள் மகளைக் கூப்பிட்டேன். "வாடி, நான் கண்ணி வைக்கக் காட்டறேன்."

"ஒனக்குத் தெரியாதும்மா. நான் சின்னம்மாகிட்டயே கத்துக்கறேன்லா."

அந்த வீம்பில் நானே கம்பி தேடி எடுத்து எலித்தடத்தில் கண்ணி வைத்தேன். எலிக்கு இரண்டு விரல் அகலம் போதும். ஆனால் கிள்ளிய கொழுந்து ஒரு பிடி சேர்ந்ததும் கூடையில் போட்டே பழகிய கை இது. அந்தப் பிடி அகலத்துக்கே வளையம் போட்டேன்.

மறுநாள் காலை தாய்ப்பூனை அதில் கழுத்து மாட்டிச் செத்துக் கிடந்தது. சின்னக் குட்டி அதை முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்த்தது. மற்ற இரண்டும் தள்ளி நின்றன.

மகள் அதைப் பார்த்தாள். நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன்.

"சின்னம்மா, அந்தக் குட்டிங்களுக்கு இனிமே யாரு சொல்லிக் குடுப்பா?"

பக்கத்து வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று உயிரை அநாதையாக்கியது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பெற்றவளிடம் கேட்காமல் இவளிடம் வந்து கேட்கிறாளே என்றுதான் அந்த வாசலில் நின்று வெந்துகொண்டிருந்தேன்.