மலையுச்சி வெயிலில் நூர்ஜஹான்

நூர்ஜஹானின் கணவர் சலீம் காலையில் அழைத்தார். மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாங்க சார். ராத்திரி கஞ்சி குடிச்சாங்க, நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கிருஷ்ணகிரியில் அடக்கம் என்றும் சொன்னார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். புற்றுநோய் எலும்பு வரை பரவிய பிறகு, ஒரு நாற்காலியில் உட்காரவே நூர்ஜஹான் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சலீமின் குரலிலும் அந்த நிம்மதி இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்களுடையது சிறிய நிறுவனம். சிக்னலின் பலத்தைக் கூட்டும் ரேடியோ ஆம்ப்ளிஃபையரை நூர்ஜஹான் வடிவமைப்பார். அதை ஒழுங்காக நடக்க வைக்கும் மென்பொருளை நான் எழுதுவேன். எங்களோடு இருந்தவர்களுக்கு இது பழைய கதை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபையரை அதன் முழுச் சக்திக்கு அருகில் ஓட்டினால் சிக்னலின் உச்சிகள் நசுங்கிவிடும். நசுங்கிய சிக்னல் பக்கத்து அலைவரிசையில் இரைச்சலாகச் சிந்தும். சக்தியைக் குறைத்தால் சிந்தாது, ஆனால் தூரம் போகாது. இதற்கு ஒரு வழி உண்டு. ஆம்ப்ளிஃபையர் எப்படிக் கோணலாக்குமோ, அதற்கு நேர் எதிரான கோணலை மென்பொருளில் முன்கூட்டியே சேர்த்து அனுப்புவது. இரண்டு கோணலும் சேர்ந்து, வெளியே வருவது நேராகிவிடும்.

கெலமங்கலத்துக்கு அப்பால் உள்ள மலைக்கிராமங்களுக்கு ஒரு ரேடியோ இணைப்பு அமைக்கும் வேலையைப் பிடிக்க எங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அது கிடைக்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் நூர்ஜஹானுக்கு நோய் இருப்பது தெரிந்தது. விடுப்பு எடுங்கள் என்றார் மேலாளர். "வீட்ல உக்காந்தா நோயைப் பத்தி மட்டும்தான் சார் நெனைப்பேன். இங்க நெனைக்கறதுக்கு வேற இருக்குது" என்று சொல்லிவிட்டு, சிகிச்சைக்குப் போகாத நாட்களில் வேலைக்கு வந்தார்.

வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்த நாளை நான் மறக்க முடியாது. ஏசி ஓடும் சோதனை அறையில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. திரையில் சிக்னல் தன் எல்லைக்குள் நின்றது. வந்தவர்கள் தலையாட்டினார்கள். மேலாளர் காபி கொண்டுவரச் சொன்னார். அப்போது நூர்ஜஹான் எழுந்து போய் ஏசியை நிறுத்தினார். "மலை மேல ஏசி இல்லீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும், பாத்துட்டுப் போங்க" என்றார். அறை சூடாகச் சூடாக, சிக்னலின் இரண்டு பக்கமும் இரைச்சல் எழுந்தது. யாரும் காபியைத் தொடவில்லை. "இது இன்னும் ரெடியாவல. ரெடியானதும் நாங்களே கூப்பிடறோம்" என்று அவர்தான் சொன்னார். வந்தவர்களில் மூத்தவர், அடுத்த மாதம் நேராக மலையிலேயே பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

எனக்குக் கடுங்கோபம். "ஏன் மேடம், வேலை கைக்கு வந்தப்புறம் சரிபண்ணியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "அது காலையில ஒரு ஆம்ப்ளிஃபையர், சூடானா வேற ஆம்ப்ளிஃபையர் முருகேசன். நீங்க காலையில பாத்ததையே நெனச்சுத் திருத்திக்கிட்டு இருக்கீங்க" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வெளியே போகும் சிக்னலில் ஒரு துளியைத் திரும்ப எடுத்து, போக வேண்டியதோடு ஒப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தத்தை மாற்றிக்கொள்ளும்படி எழுத ஆரம்பித்தேன். அந்தந்தக் கணத்தை மட்டும் பார்த்தால் போதவில்லை. சற்று முன்னால் எவ்வளவு பலமான சிக்னல் போனது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. பிழை வந்தால் அவர் என் கணக்கில் தேடுவார், நான் அவர் சர்க்யூட்டில் தேடுவேன். பாதி நேரம் இருவருமே தவறு.

மலைக்குப் போன அன்று நல்ல வெயில். வாடிக்கையாளர் தரப்பு மூத்தவரும் வந்திருந்தார். ஜீப் நின்ற இடத்திலிருந்து உச்சி வரை அவர் சலீமின் தோளைப் பிடித்து நடந்து வந்தார். பக்கத்து அலைவரிசையில் யானைக் காவலர்கள் பேசுவார்கள். ராகி வயல் பக்கம் யானை இறங்கினால் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது அதில்தான். அவர்களில் மாதப்பா என்பவர் வாக்கி டாக்கியோடு அடிவாரத்தில் நின்றார். முழுச் சக்தியில் ஓட்டினோம். கருவியின் மேல் கை வைக்க முடியாத அளவு சூடு ஏறியது. நூர்ஜஹான் வாக்கி டாக்கியில் கேட்டார்: "மாதப்பாண்ணா, அந்தப் பக்கத்துக் காவலரு பேசறது கேக்குதா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"சென்னாகி கேக்குது மேடம். நல்லா கேக்குது. நீங்க மிஷின போட்டீங்களா இல்லியா?"

நூர்ஜஹான் பாறை மேல் உட்கார்ந்து சிரித்தார். சலீம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "அப்பாடா" என்று ஒரு சொல்தான் நூர்ஜஹான் வாயிலிருந்து வந்தது. வேலை எங்களுக்குக் கிடைத்தது. பிரிவு நிலைத்தது. அதன் பிறகு அவர் அதிக நாள் வேலைக்கு வர முடியவில்லை. ஆனால் அந்த இணைப்பு ஒரு முழுக் கோடையைத் தாண்டியதை நான் போனில் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் போனார். "அப்ப சரி. நான் தூங்கறேன்" என்றார்.

அடக்கத்துக்கு மாதப்பா கெலமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கனத்த மனதோடுதான் வீடு வந்தேன், ஆனால் அதில் கலக்கம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு துணிச்சல். சரியில்லாததை, எல்லோரும் சரி என்று தலையாட்டும்போதே, முகம் கோணாமல் சொல்லிவிடுவது. சென்ற வாரம் ஒரு கூட்டத்தில் அதைச் செய்தேன். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.