சுத்தபோசனமும் கப்பல் குருமாவும்

திருச்சி பாலக்கரை லூர்துராணி டீச்சர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கவுச்சியைத் தொட்டதே கிடையாது. மகனைப் பார்க்கச் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய வருஷம், பத்திரிகைகளில் படம் வரும் பிரபல சமையல்காரர் ஒருவர் கப்பலிலேயே வகுப்பு எடுத்தார். தலைச்சுற்றலால் தாமதமாக வந்த டீச்சரிடம் அவர் குருமாவை நீட்டினார். டீச்சர் ரசித்துச் சாப்பிட்டார்.

“ராணி, இன்னிக்குத் தவக்கால வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம்! கறிக்குருமா சாப்பிடுறியே!” என்றார் கூட வந்திருந்த கணவர் இருதயநாதன்.

“ஐயோ, கடல்ல கிழமையே மறந்துபோச்சே! முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“நீ விழுங்குற வேகத்துல எங்க சொல்றது?”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சமையல்காரர் பதறினார். “என்னம்மா, காரமா?”

விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “அது பலாக்காய்ங்க. கப்பல்ல ஆட்டுக்கறி நேத்தே தீந்துபோச்சு.”

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு கிண்ணத்தை நீட்டினார்.

“அப்படின்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”